பழைய டபுள் பேஸ் வாங்கலாமா? கழுத்திலிருந்து தொடங்கும் கணக்கு

பழைய டபுள் பேஸுக்கு விற்பவர் சொல்லும் தொகையை அதன் விலையின் முதல் தவணை என்று எடுத்துக்கொள்வது நல்லது. மீதித் தவணைகள் பட்டறையில் காத்திருக்கும். வயலினில் இந்த இரண்டாம் பகுதி சிறியது. குதிரையை மாற்றி, கம்பி போட்டு, சவுண்ட்போஸ்டைச் சற்று நகர்த்தினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். டபுள் பேஸில் அப்படி முடிவதில்லை. கருவி ஏறக்குறைய 180 செ.மீ. உயரம். நான்கு உலோகக் கம்பிகளின் இழுவிசையைக் கூட்டினால் நூறு கிலோவைத் தாண்டும். அதில் பாதிக்கு அருகிலான பளு குதிரையின் இரு கால்கள் வழியாக, சில மில்லிமீட்டர் கனமே உள்ள மேற்பலகையை இரவும் பகலும் அழுத்திக்கொண்டிருக்கிறது. இருபது முப்பது ஆண்டுகள் இப்படி நின்ற மரம் எங்கே விட்டுக்கொடுத்திருக்கிறது என்பதைத்தான் வாங்குபவர் கண்டுபிடிக்க வேண்டும். பெருஞ்செலவு வைக்கும் இடங்கள் மூன்று: கழுத்து, சவுண்ட்போஸ்ட் நிற்கும் இடம், பேஸ் பாருக்கு மேலுள்ள பலகை. வாங்குவதா வேண்டாமா என்ற முடிவை இந்த மூன்றின் நிலையையும், அவற்றைச் சீராக்க ஆகும் செலவையும் வைத்தே எடுக்க வேண்டும் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். வயது, லேபிள், வார்னிஷின் அழகு, முதல் தடவை காதில் விழுந்த ஒலி ஆகியவை அதற்குப் பின்னால் வரட்டும்.

கழுத்திலிருந்து தொடங்குவோம். இங்கே உள்ள குறையை விற்பவரே பல வேளை அறிந்திருக்க மாட்டார். கருவியைப் பக்கவாட்டில் நிறுத்தி முதலில் குதிரையின் உயரத்தைப் பாருங்கள். பரவலாகப் புழங்கும் முக்கால் அளவு பேஸில், மேற்பலகையிலிருந்து குதிரையின் உச்சி ஆறு அங்குலத்துக்கு அருகில் இருக்கும். அது நாலரை அங்குலம், நான்கு அங்குலம் என்று வெட்டிக் குறைக்கப்பட்டிருந்தால் நடந்ததை ஊகிப்பது கடினமில்லை. இழுவிசைக்கு ஈடுகொடுக்க முடியாமல் கழுத்து முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. கம்பிகள் ஃபிங்கர்போர்டை விட்டு எழும்பி, விரலால் அழுத்த முடியாத உயரத்துக்குப் போயிருக்கின்றன. கழுத்தைச் சரிசெய்யும் செலவுக்குத் தயங்கிய யாரோ குதிரையை அறுத்துச் சமாளித்திருக்கிறார்கள். குட்டையான குதிரையின் மேல் கம்பிகள் மடியும் கோணம் தட்டையாகிவிடுவதால் ஒலி மெலியும். ஓரக் கம்பிகளை வாசிக்கும்போது வில் கருவியின் இடுப்பு விளிம்பில் இடிக்கும். குதிரை சரியான உயரத்தில் இருந்தால், ஃபிங்கர்போர்டின் கீழ்நுனியில் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளவுகோலை வைத்துப் பாருங்கள். உலோகக் கம்பியில் விரலால் மீட்டி வாசிப்பவருக்கு ஜி கம்பி 5 முதல் 7 மி.மீ., இ கம்பி 8 முதல் 10 மி.மீ. என்பது வசதியான எல்லை. வில்லை ஓங்கி இழுப்பவர்களும் நரம்புக் கம்பி போடுபவர்களும் இன்னும் கொஞ்சம் உயரம் வைப்பார்கள். குதிரைக் காலில் உள்ள திருகை முழுவதும் இறக்கிய பிறகும் உயரம் இதைவிட வெகு அதிகமாக இருந்தால் சந்தேகம் கழுத்தின் மேல்தான் விழ வேண்டும். கடைசியாகக் கழுத்து உடலோடு சேரும் குதிகாலைப் பாருங்கள். தாள் நுழையும் அளவு இடைவெளி, ஒட்டுக் கோட்டில் மட்டும் புதிதாகத் தெரியும் வார்னிஷ், மரத்துக்குள் புதைந்து மேலே மூடப்பட்ட திருகாணி ஆகிய மூன்றில் எது தெரிந்தாலும், கழுத்து ஒருமுறை உடைந்து அவசரமாக ஒட்டப்பட்டது என்றே கொள்ளுங்கள். அமெரிக்க, ஐரோப்பியப் பட்டறைகளில் கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்தும் வேலை ஆயிரம் டாலரை எளிதாகத் தொடும்.

ஃபிங்கர்போர்டைச் சுருள் பக்கமிருந்து, தச்சர் பலகையின் ஓரத்தை ஒரு கண்ணால் பிடித்துப் பார்ப்பதைப் போலப் பாருங்கள். நடுவில் மெல்லிய பள்ளம் இருப்பது முறை. கம்பி அதிர்வதற்கு அந்த இடம் தேவை. கழுத்து முடியும் இடத்துக்கு அருகே மேடு தெரிந்தால் அங்கே சுரங்கள் கரகரக்கும். கம்பி உரசி உண்டான தடங்களும் அலைகளும் பழைய கருவியில் இயல்பானவைதான். இழைப்புளி போட்டுச் சமன்செய்யலாம். ஆனால் ஒவ்வொரு முறை இழைக்கும்போதும் பலகை மெலிகிறது. ஏற்கெனவே பலமுறை இழைக்கப்பட்டு மெலிந்த பலகையை மாற்றுவதைத் தவிர வழியில்லை. அசல் கருங்காலியா, சாயம் ஏற்றிய வெளிர் மரமா என்பதை அடிப்பக்கத்திலும், கம்பித் தடங்கள் ஆழப் பதிந்த இடத்திலும் பார்த்தால் தெரிந்துவிடும். மாற்றுவதற்கு வேண்டிய பெரிய கருங்காலித் துண்டே விலை கூடியது, கூலி தனி. இதோடு சேர்த்துக் கம்பியின் அதிரும் நீளத்தையும், அதாவது கழுத்தின் உச்சியிலுள்ள சிறு கட்டையிலிருந்து குதிரை வரையுள்ள தூரத்தையும் நாடாவால் அளந்துவிடுங்கள். முக்கால் அளவு என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அந்தப் பெயரில் 104 செ.மீ.யும் வரும், 107 செ.மீ.யும் வரும், அதைத் தாண்டியும் வரும். ஃபிங்கர்போர்டின் மேல்முனையில் சுட்டுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே ஒரு முழுச்சுரம் பிடிக்க ஏறக்குறைய 11 செ.மீ. விரிய வேண்டும். வயலினில் அதே இடைவெளி மூன்று செ.மீ.க்குச் சற்று மேல்தான். கம்பி நாலு செ.மீ. கூடினால் அந்த விரிப்பும் நாலு மி.மீ. கூடுகிறது. ஒரு சுரத்துக்கு அது பெரிதில்லை, இரண்டு மணிநேர ஒத்திகைக்குப் பெரிது. இந்த நீளத்தைக் குறைக்க எளிதான பட்டறை வேலை எதுவும் கிடையாது. கைக்குப் பொருந்தவில்லை என்றால் மற்றதைப் பார்க்காமலே விலகிவிடலாம்.

உடலின் வெடிப்புகளைக் கண்டு பயந்து ஓடுபவரும் ஏமாறுகிறார், எல்லாம் பழைய கருவிக்கு இயல்பு என்று தேற்றிக்கொள்பவரும் ஏமாறுகிறார். வெடிப்பின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, அது எந்த இடத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். மேற்பலகைக்கும் பக்கப்பலகைக்கும் இடையிலான ஒட்டு சில அங்குலம் பிரிந்திருப்பது குற்றமே இல்லை. மரம் சுருங்கும்போது பலகை வெடிப்பதற்குப் பதில் ஒட்டு விட்டுக்கொடுக்கட்டும் என்றுதான் அங்கே பசையை வேண்டுமென்றே வலுக்குறைவாகப் போடுகிறார்கள். விளிம்பைச் சுற்றி விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போனால் பிரிந்த இடம் சலசலவென்று காட்டிக்கொடுக்கும். கீழே, கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸின் வடம் பலகையின் விளிம்பைக் கடக்கும் இடத்தில் பதித்த கட்டையின் மூலையிலிருந்து ஓடும் சிறு வெடிப்பும் ஏராளமான பேஸ்களில் இருப்பதுதான். ஒட்டி உள்ளே சிறு மரத்துண்டு வைத்தால் போதும். கவலைப்பட வேண்டியவை குதிரைக்குக் கீழே இருப்பவை. ஜி கம்பிப் பக்கக் காலுக்குச் சற்றுக் கீழே, உள்ளே, மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் ஒட்டாமல் நெருக்கி நிறுத்திய குச்சிதான் சவுண்ட்போஸ்ட். அந்த இடத்தில் மேற்பலகை வெடித்திருந்தால் பலகையைக் கழற்றி, உள்ளிருந்து குடைந்து, புது மரம் பதிக்க வேண்டும். அதே வெடிப்பு அடிப்பலகையில் இருந்தால் இன்னும் மோசம். கருவியின் மதிப்பும் நிரந்தரமாக விழும். இ கம்பிப் பக்கத்தில், மேற்பலகையின் உட்புறம் நீளவாக்கில் ஒட்டிய கட்டை பேஸ் பார். அதன் ஓரமாக ஓடும் வெடிப்பையும், அந்தப் பக்கம் மட்டும் பலகை உள்வாங்கியிருப்பதையும் சேர்த்துப் பாருங்கள். கருவியைப் படுக்கவைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் வளைவு இரு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று கண்ணுக்கே தெரியும். உள்ளே பார்க்க, செல்பேசியில் செருகும் குழாய்க் கேமரா குறைந்த விலையில் கிடைக்கிறது. எஃப் வடிவத் துளை வழியாக விட்டால் பேஸ் பாரும் பழைய ஒட்டுத் துண்டுகளும் துலங்கும்.

பழைய ரிப்பேர் இருப்பதைவிட அது எப்படிச் செய்யப்பட்டது என்பது முக்கியம். இந்தக் கருவிகள் விலங்குத் தோலைக் காய்ச்சிய பசையால் ஒட்டப்படுபவை. நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொன்ன பசையின் இனம். சூடும் ஈரமும் பட்டால் அது இளகும், மரத்துக்குச் சேதமில்லாமல் பிரிக்கலாம். ஃபெவிகாலோ அரால்டைட்டோ பூசி ஒட்டிய இடம் அப்படி இளகாது. அடுத்த தடவை திறக்கும்போது பசைக்குப் பதில் மரநாரே பிய்ந்து வரும். சுத்தமாகச் செய்த நாலு ரிப்பேருள்ள பேஸ், அரால்டைட்டில் முடித்த ஒரே ஒரு ரிப்பேருள்ள பேஸைவிட நல்ல பேரம் என்பது என் கணிப்பு. பிருடைகளின் பல்சக்கரத் தேய்மானம், தரையில் ஊன்றும் கம்பியின் திருகு, டெயில்பீஸ் ஆகியவை கருவியின் உயிரைத் தொடாத செலவுகள். அவற்றைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

பட்டியல் என்றதும் கணக்கைப் போட்டுவிடுவோம். எண்கள் வெறும் கற்பனை, முறைதான் முக்கியம். ஒரு பேஸை ஒன்றரை லட்சத்துக்குத் தருகிறார்கள். கழுத்தைப் பொருத்தவும், ஃபிங்கர்போர்டை இழைக்கவும், புதுக் குதிரைக்கும் கம்பிக்கும் சேர்த்து ஒரு லட்சம் ஆகும். இன்னொன்றுக்கு இரண்டு லட்சம் கேட்கிறார்கள். கம்பியும் சிறு சீரமைப்புமாக முப்பதாயிரம் போதும். முதலாவது ஐம்பதாயிரம் மலிவு என்று தோன்றுகிறது, உண்மையில் இருபதாயிரம் கூடுதல். அதோடு பல மாதம் கருவி பட்டறையில் கிடக்கும், முடிந்த வேலை எப்படி அமையும் என்ற நிச்சயமும் இல்லை. கம்பிச் செலவைச் சில்லறையாக நினைக்க வேண்டாம். வியன்னாவின் தோமாஸ்டிக் நிறுவனத்து ஸ்பைரோகோர் போன்ற நல்ல கம்பித் தொகுதி இங்கே வந்துசேரும்போது பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். இந்தக் கூட்டுத்தொகையை, அதே வகைப் பேஸ் நல்ல நிலையில் என்ன விலைக்குப் போகும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதைவிடக் கூட வந்தால், கருவி எவ்வளவு மனதைக் கவர்ந்தாலும் அந்த விலைக்கு அது வேண்டாம்.

இந்த இடத்தில் இசைக்கலைஞர்கள் ஒரு நியாயமான கேள்வி எழுப்புவார்கள். இசைக்கருவியை ஒலிக்காகத்தானே வாங்குகிறோம், மரவேலைப் பரிசோதனை முன்னால் வந்து ஒலி ஏன் கடைசியில் நிற்கிறது? ஒலியை அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. வாங்கப் போன அன்று கேட்கும் ஒலியில் கருவியின் பங்கு எவ்வளவு என்பதுதான் விஷயம். இ கம்பியின் அடிப்படைச் சுரம் வினாடிக்கு 41 அதிர்வுகள் கொண்டது. அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். விற்பவரின் வீட்டு ஹாலில் அது முழுதாக விரியவே இடமில்லை. அறையின் ஒரு மூலையில் அதே சுரம் முழங்கும், வேறோர் இடத்தில் அடங்கிவிடும். தவிரவும் பேஸின் உடலுக்குள் உள்ள காற்று நன்றாக ஒத்ததிர்வது 60 ஹெர்ட்ஸை ஒட்டித்தான். அதற்குக் கீழுள்ள சுரங்களில் நம் காது மேல் அதிர்வுகளை வைத்தே அடியை ஊகித்துக்கொள்கிறது, அந்த மேல் அதிர்வுகளைப் பெரிதும் தீர்மானிப்பவை கம்பியும் வாசிப்பவரின் கையும். பத்து ஆண்டு பழைய கம்பி, இடம் தவறி நிற்கும் சவுண்ட்போஸ்ட், காலடி சரியாகப் பதியாத குதிரை இவற்றில் ஒன்று போதும், நல்ல பேஸை ஊமையாக்கிவிட. மூன்றையும் ஒரு வாரத்தில் மாற்றலாம், கழுத்தின் கோணத்தை அப்படி மாற்ற முடியாது. ஆனால் இந்த வாதத்துக்கும் எல்லை உண்டு. தடித்த பலகையில் செய்த மலிவான கருவி எந்தச் சீரமைப்பாலும் திறந்து பாடாது. அதனால் கட்டுமானத்தில் தேறிய இரண்டு மூன்று கருவிகளைச் சேர்த்துவைத்து ஒலியிடம் தீர்ப்புக் கேளுங்கள். வாசிக்கத் தெரிந்த இன்னொருவரை வாசிக்கவிட்டு, முடிந்தவரை தூரப்போய் நின்று கேளுங்கள். ஒவ்வொரு கம்பியிலும் அரைச்சுரம் அரைச்சுரமாக ஏறச் சொல்லி, எங்கே கரகரக்கிறது, எந்தச் சுரம் மட்டும் திக்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வயதும் லேபிளும் அடுத்த ஆசை. பழைய மரம் பழகப் பழக இனிக்கும் என்ற நம்பிக்கை ஆழமானது. பழைய கருவிகள் பல நன்றாக ஒலிப்பதும் உண்மைதான். ஆனால் நூறாண்டு கழித்து நம் கைக்கு வருபவை, காப்பாற்றத் தகுந்தவை என்று ஒவ்வொரு தலைமுறையும் நினைத்துப் பாதுகாத்தவை. மட்டமானவை வழியிலேயே விறகாகிவிட்டன. வயது தரும் உறுதியான நன்மை வேறொன்று. வெடிக்க வேண்டியது பெரும்பாலும் வெடித்து முடிந்திருக்கும், மரம் ஒரு நிலைக்கு வந்திருக்கும். லேபிளைப் பற்றி ஒரு புகழ்பெற்ற வழக்கே உண்டு. செர்கே குசெவிட்ஸ்கி பாஸ்டன் சிம்பொனியின் நடத்துநர் ஆவதற்கு முன் பேஸ் கலைஞராகப் பெயர் பெற்றவர். அவருடைய பேஸ், பின்னர் அவர் மனைவி ஓல்கா வழியாக டபுள் பேஸ் கலைஞர் கேரி காருக்கு வந்தது. கிரெமோனாவின் அமாட்டி சகோதரர்கள் 1611-இல் செய்தது என்று வெகுகாலம் கருதப்பட்ட கருவி அது. மேற்பலகையின் மர வளையங்களை ஆராய்ந்தபோது அந்த மரம் 18-ஆம் நூற்றாண்டிலும் வளர்ந்துகொண்டிருந்தது என்று தெரியவந்தது. அமாட்டி சகோதரர்கள் அதைத் தொட்டிருக்கவே முடியாது. கார் அதில் பதிவுசெய்த இசைத்தட்டுகளின் ஒலி அதனால் ஒரு துளியும் மாறவில்லை. உலகமறிந்த கருவியின் பிறப்புச் சான்றே இப்படியென்றால், ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஹென், மிட்டன்வால்ட் வட்டாரத்துப் பட்டறைகளிலிருந்தும் போஹீமியாவிலிருந்தும் மொத்தமாக வெளியேறிய கருவிகளுக்குள் ஒட்டியிருக்கும் இத்தாலியப் பெயருக்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. அந்த ஜெர்மானிய, செக் கருவிகளில் உழைப்புக்குப் பேர்போனவை நிறைய உண்டு. அவற்றை அவற்றின் சொந்தத் தகுதிக்கே வாங்கலாம்.

ப்ளைவுட் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்களுக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். பேஸ்கள் மூன்று வகை: மேற்பலகையும் அடிப்பலகையும் முழு மரத்தில் செதுக்கியவை, மேற்பலகை மட்டும் செதுக்கியவை, முழுவதும் ப்ளைவுட் ஆனவை. வில்லால் வாசிக்கும் மேலைச் செவ்வியல் இசைக்குச் செதுக்கிய ஸ்ப்ரூஸ் பலகையின் வீச்சு வேண்டும், அதில் விவாதமில்லை. ஆனால் சிகாகோவின் கே நிறுவனம் 1937 முதல் செய்த ப்ளைவுட் பேஸ்கள் அமெரிக்க நடனக் குழுக்களையும் பள்ளிகளையும் புளூகிராஸ், ராக்கபில்லி மேடைகளையும் சுமந்தன. இன்றும் தேடி வாங்கப்படுகின்றன. விரலால் மீட்டும்போது அவை தரும் குறுகிய, திரண்ட ஒலியே அந்த இசைகளின் அடையாளமாகிவிட்டது. குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய தாள்கள் என்பதால் பலகை எளிதில் வெடிக்காது. ஏற்றி இறக்கிக் கொண்டுபோகும் கருவிக்கு அது பெரிய வரம். ஒரே விலையில் சுமாராகச் செதுக்கிய பேஸையும் நல்ல ப்ளைவுட் பேஸையும் வைத்தால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அதிலும் பார்க்க வேண்டியது கழுத்தைத்தான். கே பேஸ்களில் குதிகால் உடைவது பரவலாக அறியப்பட்ட நோய். விளிம்பில் தாள்கள் உரிகின்றனவா, தட்டும்போது ஓரிடம் மட்டும் பொத்தலாக ஒலிக்கிறதா என்பதையும் கவனியுங்கள். தாள் பிரிந்த ப்ளைவுட்டைச் சீராக்குவது வெடித்த மரத்தை ஒட்டுவதைவிடச் சிரமம்.

இவ்வளவு தொல்லைக்குப் பதில் புதிதாகவே வாங்கிவிடலாமே என்பதுதான் எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம். சீனாவில் செய்யப்படும் பேஸ்கள் முன்பு இருந்ததைவிட வெகுவாகத் தேறியிருக்கின்றன, உத்தரவாதமும் தருகிறார்கள். இதற்கு இரண்டு பதில்கள். பெட்டியிலிருந்து எடுத்த புதுப் பேஸும் வாசிக்கத் தயாராக இருப்பதில்லை. ஃபிங்கர்போர்டை இழைக்க வேண்டும், குதிரையைச் செதுக்கிப் பொருத்த வேண்டும், சவுண்ட்போஸ்டை நிறுத்த வேண்டும். பட்டறைத் தவணை அங்கேயும் உண்டு. அடுத்து, கடையை விட்டு வெளியே வந்த கணமே புதுக் கருவியின் மறுவிற்பனை மதிப்பு இறங்கிவிடுகிறது; நல்ல நிலையிலுள்ள பழைய கருவி அந்த இறக்கத்தை ஏற்கெனவே கடந்தது. புது மரத்தின் முதல் சில ஆண்டுகளின் அசைவும் வெடிப்பும் உங்கள் பொறுப்பில்தான் நிகழும். ஆனால் ஒரு நிலையில் ஆட்சேபம் ஜெயிக்கிறது. பழைய பேஸை உங்களுக்காகப் பரிசோதித்துச் சொல்ல ஆளே கிடைக்கவில்லை, நீங்களும் இப்போதுதான் கற்கத் தொடங்குகிறீர்கள் என்றால், நல்ல கடை சீரமைத்துக் கொடுக்கும் புது ப்ளைவுட் பேஸே உங்களுக்குச் சரி. வாடகைக்குக் கிடைக்கிற நகரத்தில் இருந்தால் முதல் ஆண்டுக்கு வாடகை அதைவிட நல்லது.

தமிழ்நாட்டில் வாங்குபவருக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுகுகிறது. டபுள் பேஸைத் திறந்து வேலை செய்தவர்கள் இங்கே மிகக் குறைவு. வீணைத் தச்சரும் வயலின் ரிப்பேர்காரரும் திறமையானவர்கள்தான் என்றாலும், இந்த அளவுக் கருவிக்கு வேண்டிய கிடுக்கிகளும் அச்சுகளும் அவர்கள் பட்டறையில் இருப்பது அரிது. எதையும் ரிப்பேர் செய்துவிடலாம் என்ற ஆறுதல் மிட்டன்வால்டில் செல்லும். கருவியை வேறு ஊருக்கு அனுப்பித் திரும்பப் பெற வேண்டிய இடத்தில் அது செல்லாது. அதனால் வெளிநாட்டில் ஏற்கத் தகுந்த குறைகள் சில இங்கே மறுக்கத் தகுந்தவை ஆகின்றன. கழுத்து, சவுண்ட்போஸ்ட், பேஸ் பார் மூன்றில் ஒன்று கெட்டிருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சென்னையின் ஈரக் காற்றும், குளிரூட்டிய ஒலிப்பதிவுக் கூடத்தின் வறட்சியும் மாறி மாறிப் பட்டால் செதுக்கிய மேற்பலகை ஊதிச் சுருங்கும், கம்பியின் உயரம் மழைக்காலத்தில் ஒன்றும் கோடையில் ஒன்றுமாக நிற்கும். தட்டையான அடிப்பலகை கொண்ட பேஸ்களில் உள்ளே குறுக்காக ஒட்டிய சட்டங்கள் பலகையோடு சேர்ந்து அசைய மறுப்பதால் அங்கே வெடிப்பு வரும் வாய்ப்பு கூடுதல். இங்கே வாங்குபவர் உருண்ட அடிப்பலகையையோ ப்ளைவுட்டையோ தேர்ந்தெடுப்பதற்கு இதுவே போதுமான காரணம். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் சரக்குக் கட்டணமும் சுங்கமும் கணக்கில் ஏறட்டும். கூடவே வரும் பழைய வில்லில் தந்தம் இருந்தால் அதை எடுக்காமலே விடுங்கள். எல்லை தாண்டும்போது கருவியையே சிக்கலில் மாட்டிவிடும்.

பேரத்தின்போது குறைகளை வாய்ச்சொல்லாக அடுக்காமல், பட்டறையில் வாங்கிய செலவு மதிப்பீட்டைத் தாளில் காட்டுங்கள். விற்பவர்கள் பெரும்பாலும் ஊரை விட்டுப் போகிறவர்களோ, கலைந்த குழுவின் கருவியை அகற்ற நினைப்பவர்களோதான். இடத்தை அடைக்கும் பொருள் போனால் போதும் என்ற மனநிலையும் அவர்களுக்கு உண்டு. மதிப்பீட்டின் முழுத்தொகையையும் குறைக்கச் சொல்வது நியாயமில்லை, ஏனென்றால் புதுக் கம்பியும் குதிரையும் உங்கள் வசதிக்குத்தான். கட்டுமானக் குறைகளுக்கான செலவைக் குறைக்கச் சொல்வது நியாயம். முன்பணம் கொடுத்து ஒரு வாரம் வைத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். தர மறுப்பவரிடம், உங்கள் பரிசோதகர் வரும்வரை வேறு யாருக்கும் விற்காமல் இருக்கவாவது கேளுங்கள். அந்த ஒரு வாரத்தில் கழுத்து அசைகிறதா என்பதைத் தினம் சுருதி சேர்க்கும்போதே கண்டுகொள்ளலாம். காலையில் ஏற்றிய சுருதி மாலைக்குள் நான்கு கம்பியிலும் ஒருசேர இறங்கினால் பிருடைகளைக் குறைசொல்லாமல் குதிகாலை மறுபடி பாருங்கள்.

முடிவெடுத்து வீட்டுக்கு எடுத்துப் போகும்போது கம்பிகளை முழுவதும் கழற்றிவிடாதீர்கள். அழுத்தம் போய்விட்டால் ஒட்டாமல் நிற்கும் சவுண்ட்போஸ்ட் உள்ளே சாய்ந்துவிடும், மறுபடி நிறுத்தப் பழகிய கை வேண்டும். கம்பிகளை ஒன்றிரண்டு சுரம் இறக்கி, டெயில்பீஸுக்கு அடியில் மடித்த துணியை வைத்து, வண்டியில் பக்கப்பலகை கீழே படும்படி ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். குதிரையின் மேல் எதுவும் சாய வேண்டாம். வீட்டில் ஏசி காற்று நேராகப் படாத மூலையில் இரண்டு மூன்று வாரம் நிற்கட்டும். அதற்குள் கம்பியின் உயரம் ஒரு நிலைக்கு வந்துவிடும். குதிரையில் இழைக்க வேண்டியது ஏதும் இருந்தால் அதன் பிறகு பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.